கடல் நீரின் வெப்பத்தை எடுத்தே படகை ஓட்ட முடியாதா? இரண்டாம் விதி பற்றி ஓர் ஐயம்

கரைமடி (குளச்சல்), கேள்வி:

வணக்கம். பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். வீட்டில் விசைப்படகுத் தொழில். படகு கரை சேர்ந்ததும் எங்கள் வீட்டில் முதலில் எழும் பேச்சு மீனின் விலையைப் பற்றியதன்று, எவ்வளவு டீசல் எரிந்தது என்பதுதான். அதனால் வெப்ப இயக்கவியல் பாடம் தொடங்கியதும் என் மனம் நேராக அந்த டீசல் கணக்கிலேயே போய் நின்றது.

ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறத்தாழ 36 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது. ஒரு கிலோ கடல் நீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 4 கிலோஜூல் வெளிவரும். ஆகவே 9 டன் கடல் நீர் ஒரே ஒரு டிகிரி குளிர்ந்தால் கிடைப்பதும் அதே 36 மெகாஜூல்தான். படகுக்கு அடியில் கிடப்பதோ அள்ளக் குறையாத நீர். அந்த நீரைக் குழாய் வழியே உள்ளே இழுத்து, அதன் வெப்பத்தை எடுத்துப் புரொப்பல்லரைச் சுழற்றிவிட்டு, ஒரு டிகிரி குளிர்ந்த நீரைப் பின்புறம் வெளியேற்றினால் என்ன? ஆற்றல் அழிவின்மை விதி இங்கே எவ்விடத்திலும் மீறப்படவில்லை. இன்னும் சொல்லப்போனால், படகு நீரைக் கிழித்துச் செல்லும்போது அந்த ஆற்றல் முழுவதும் உராய்வில் வெப்பமாகிக் கடலுக்கே திரும்பிவிடுவதால், கடல் குளிர்ந்துபோகும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

வகுப்பில் கேட்டபோது, "அப்படிச் செய்தால் என்ட்ரோபி குறையும், இரண்டாம் விதி அதை அனுமதிக்காது" என்ற விடை கிடைத்தது. என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மையின் அளவு என்று படித்திருக்கிறேன். அந்த ஒழுங்கின்மைக்கும் எங்கள் புரொப்பல்லருக்கும் என்ன தொடர்பு என்பதுதான் விளங்கவில்லை. தேர்வில் எழுதுவதற்கான விடை என்னிடம் இருக்கிறது. படகு ஏன் ஓடாது என்பதை யாராவது எண்களோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

வேளிமலை (நாகர்கோவில்), பதில்:

தம்பி, உங்கள் கணக்கில் பிழை இல்லை. ஆற்றல் அழிவதில்லை என்னும் முதல் விதிக்கு இந்தப் படகின்மீது எந்த வழக்கும் கிடையாது. இதே எண்ணத்தை 1880களின் தொடக்கத்தில் ஜான் காம்ஜி என்பவர் அமெரிக்கக் கடற்படைக்கு முன்வைத்தார். நிலக்கரியும் வேண்டாம், நீராவியும் வேண்டாம். மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும் அம்மோனியாவைக் கொதிகலனில் வைத்தால், சுற்றியுள்ள கடல் நீரின் வெப்பமே அதை ஆவியாக்கி உந்துதண்டைத் தள்ளிவிடும் என்பது அவர் வாதம். கடற்படையின் முன்னாள் தலைமைப் பொறியாளரான ஐஷர்வுட்டே அதை ஆதரித்தார் என்றால், எண்ணம் எவ்வளவு கவர்ச்சியானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இயந்திரம் ஓடவில்லை. உந்துதண்டைத் தள்ளி முடித்த அம்மோனியா ஆவியை மறுபடியும் திரவமாக்கினால்தானே அடுத்த சுற்று தொடங்கும்? அதைத் திரவமாக்க அதனிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் குளிர்ந்த இடம் ஒன்று வேண்டும். கடலைவிடக் குளிர்ந்த இடம் கப்பலில் எங்கும் இல்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். ஒழுங்கின்மை என்ற சொல்லைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள். ஜெர்மானிய இயற்பியலாளர் கிளாசியஸ் 1865ஆம் ஆண்டில் என்ட்ரோபி என்ற பெயரைச் சூட்டியபோது அவர் கையில் இருந்தது ஒரு வகுத்தல் கணக்கு மட்டுமே. வெப்பநிலை மாறாத அளவுக்குப் பெரிய ஒரு பொருளிலிருந்து வெப்பம் வெளியேறினால், வெளியேறிய ஜூல்களை அப்பொருளின் கெல்வின் வெப்பநிலையால் (செல்சியஸ் டிகிரியுடன் 273ஐக் கூட்டினால் வருவது) வகுங்கள். அவ்வளவு என்ட்ரோபி அதில் குறைந்தது. வெப்பம் உள்ளே வந்தால் அதே வகுத்தலின்படி கூடியது. 600 கெல்வினில் உள்ள இரும்பிலிருந்து 300 கெல்வினில் உள்ள தண்ணீருக்கு 1,000 ஜூல் போகிறது என்று கொள்வோம். இரும்பில் குறைந்தது 1.67, தண்ணீரில் கூடியது 3.33. வெப்பம் ஒரு ஜூல்கூட வீணாகவில்லை, ஆனால் என்ட்ரோபி இரு மடங்காகிவிட்டது. எதிர்த்திசையில் வெப்பம் தானாகப் போனால் மொத்தத்தில் 1.67 குறைய வேண்டும்; அப்படி நடந்ததாக எவரும் இதுவரை காட்டியதில்லை. சம்பந்தப்பட்ட பொருள்கள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் என்ட்ரோபி ஒருபோதும் குறைவதில்லை என்பதே இரண்டாம் விதி. "அனைத்தையும் கூட்டி" என்ற நிபந்தனையை விட்டுவிடுவதால்தான் பாதிக் குழப்பங்கள் வருகின்றன.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுழலும் தண்டின் வழியே போகும் வேலைக்கு என்ட்ரோபி கிடையாது. வெப்பத்தில் அணுக்கள் ஆளுக்கொரு திசையில் அதிர்கின்றன. தண்டில் அவை எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்புகின்றன. வகுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இனி உங்கள் படகு. கடலின் மேற்பரப்பு 28 டிகிரி, அதாவது 301 கெல்வின். 36 மெகாஜூல் வெப்பத்தைக் கடலிலிருந்து எடுத்தால் கடலின் என்ட்ரோபி ஏறத்தாழ 1,19,600 குறைகிறது. எடுத்த வெப்பம் முழுவதும் புரொப்பல்லரில் வேலையாகிவிட்டால் எதிர்ப்பக்கத்தில் கூடியது சுழி. இயந்திரமோ ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பழைய நிலைக்கே வந்துவிடுவதால் அதன் கணக்கிலும் எதுவும் ஏறவில்லை. மொத்தத்தில் 1,19,600 குறைவு. இரண்டாம் விதி தடுப்பது இந்த இடத்தில்தான். உராய்வால் வெப்பம் பின்னர் கடலுக்கே திரும்பும் என்று நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் அது புரொப்பல்லர் சுழன்ற பிறகு நடப்பது. பிற்பாடு வரவிருக்கும் கூடுதலைக் காட்டி இன்றைய குறைவை ஈடுகட்ட முடியாது.

குறைந்ததை ஈடுகட்ட ஒரே வழி, எடுத்த வெப்பத்தில் ஒரு பகுதியைக் கடலைவிடக் குளிர்ந்த இடத்தில் கொட்டுவதுதான். ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர் ஏறத்தாழ 7 டிகிரி, அதாவது 280 கெல்வின். அங்கே 1,19,600ஐ ஈடுகட்ட வேண்டுமானால் 33.5 மெகாஜூலைக் கொட்டியாக வேண்டும். மிச்சம் 2.5 மெகாஜூல், அதாவது நூற்றுக்கு 7. இந்த 7க்கு மேல் எந்தப் பொறியாளராலும், எந்த உலோகத்தாலும், எந்த வாயுவாலும் பெற முடியாது. இந்த எல்லை இருக்கிறது என்பதை என்ட்ரோபி என்ற பெயர் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1824இல், பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ கண்டுவிட்டார். வெப்பத்தை எடையற்ற ஒரு பாய்பொருளாக நினைத்துக்கொண்டே அவர் சரியான முடிவுக்கு வந்தார் என்பது இயற்பியல் வரலாற்றில் எனக்கு இன்றும் வியப்பளிப்பது.

அதே கணக்கை டீசலுக்குப் போட்டுப் பாருங்கள். எரியும் வாயு 2,000 கெல்வினில் இருப்பதாகக் கொண்டால் 36 மெகாஜூலுக்கு என்ட்ரோபி 18,000 மட்டுமே. அதை 301 கெல்வின் கடலில் கொட்டித் தீர்க்க 5.4 மெகாஜூல் போதும். மீதி 30 மெகாஜூலுக்கு மேல் வேலையாகலாம் என்று விதி இடம் தருகிறது. நடைமுறையில் உங்கள் எஞ்சின் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை, அது வேறு கதை. நீங்கள் லிட்டர் கணக்கில் விலை கொடுத்து வாங்குவது வெறும் வெப்பத்தை அன்று. சுற்றுப்புறத்தைவிட மிக உயர்ந்த வெப்பநிலையில் கிடைக்கும் வெப்பத்தை. கடலில் ஜூல்கள் இருக்கின்றன, அவற்றை இறக்கிவைக்கப் பள்ளம் இல்லை.

ஐஸ்பார் (சின்னமுட்டம்), பதில்:

மேலே உள்ள விளக்கத்தில் "அனைத்தையும் கூட்டி" என்ற நிபந்தனையை எங்கள் ஐஸ் பிளான்ட்டில் கண்ணால் பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன். தண்ணீர் ஐஸாகும்போது அதன் என்ட்ரோபி குறைகிறது. 50 கிலோ ஐஸ் பார் ஒன்றுக்கு, தண்ணீரைப் பூஜ்ஜியம் டிகிரி வரை கொண்டுவரும் செலவை விட்டுவிட்டு உறையும் கணக்கை மட்டும் எடுத்தாலும், 16.7 மெகாஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். அதை 273ஆல் வகுத்தால் ஏறத்தாழ 61,200. இந்த 61,200 எங்கே போயிற்று என்று கேட்டால், பின்புறம் வந்து பார்க்கச் சொல்வேன். கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் அம்மோனியாக் குழாயில் கை வைக்க முடியாது. அந்த அம்மோனியா ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டன்சர் குழாய்களின்மேல் இரவும் பகலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், கீழே விழும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்.

கண்டன்சர் 35 டிகிரியில், அதாவது 308 கெல்வினில் இருந்தால், அந்த 61,200ஐ அங்கே இறக்கக் குறைந்தது 18.8 மெகாஜூல் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். ஐஸிலிருந்து வந்தது 16.7 மட்டுமே. இடையில் உள்ள 2.1 மெகாஜூலைக் கம்ப்ரசர் மோட்டார் தர வேண்டும். மின்சாரக் கணக்கில் அது 0.6 யூனிட். மீட்டரில் ஓடுவது இதைவிடப் பல மடங்கு. ஆனால் எத்தனை நல்ல இயந்திரத்தை வாங்கினாலும் இந்த 0.6க்குக் கீழே இறங்க முடியாது என்பதைத்தான் விதி சொல்கிறது. கோடையில் கண்டன்சர் தண்ணீர் சூடாக இருக்கும்போது பில் ஏறுவதற்கும் இதுவே காரணம்: கொட்டுமிடம் சூடாக இருந்தால் அதே என்ட்ரோபியை இறக்குவதற்குக் கூடுதல் ஜூல்கள் தேவை.

பால்வெட்டு (குலசேகரம்), பதில்:

வகுத்தல் கணக்கு இரண்டாம் விதி என்ன சொல்கிறது என்பதைத் தெளிவாக்குகிறது. அது ஏன் உண்மையாக இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதற்கு எங்கள் ஊர்ச் சரக்கு ஒன்று உதவும். நல்ல அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து, சட்டென்று முழு நீளத்துக்கும் இழுத்து, உடனே மேலுதட்டில் ஒட்டிப் பாருங்கள்; சூடு தெரியும். இழுத்த நிலையிலேயே சிறிது நேரம் வைத்து, சூடு ஆறியதும் தளர்த்தி, மறுபடி உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். விரலைவிட உதடு இதற்கு நல்ல வெப்பமானி. இன்னும் ஒன்று: ரப்பர் பேண்டில் ஓர் எடையைத் தொங்கவிட்டு, அதன்மேல் வெந்நீர் ஊற்றினால் எடை மேலே ஏறும். இரும்புக் கம்பி சூட்டில் நீளும்; இழுபட்ட ரப்பர் சூட்டில் சுருங்கும். ஜான் கஃப் என்ற பார்வையற்ற ஆங்கிலேய அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து எழுதினார். 1859இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் அளந்து உறுதி செய்தார்.

மரத்திலிருந்து வடியும் பாலில் உள்ள ரப்பர் மூலக்கூறு என்பது ஐசோப்ரீன் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. இழுக்காத நிலையில் அந்தச் சங்கிலி சுருண்டு, மடங்கி, எண்ணிலடங்காத வடிவங்களில் கிடக்க முடியும். முழுவதும் இழுத்துவிட்டால் அதற்கு எஞ்சியிருப்பவை நேராக நிற்கும் சில வடிவங்களே. தளர்த்தியதும் அது ஏன் சுருங்குகிறது? சுருங்கும்படி அணுக்களைப் பிடித்து இழுக்கும் விசை எதுவும் பெரிதாக அங்கே இல்லை. வெப்பத்தால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும் சங்கிலி, எண்ணிக்கையில் மிகுந்த வடிவங்களுக்குள் போய் விழுகிறது, அவ்வளவுதான். சூடேற்றினால் ஆட்டம் கூடுகிறது. அதனால் இழுப்பும் கூடுகிறது.

ஆஸ்திரிய இயற்பியலாளர் போல்ட்ஸ்மேன் என்ட்ரோபிக்குத் தந்த பொருள் இதுவே. வெளியிலிருந்து பார்க்க ஒரே நிலையில் இருக்கும் பொருள் உள்ளுக்குள் எத்தனை விதங்களில் அமைந்திருக்க முடியும் என்பதை எண்ணி, அந்த எண்ணிக்கையின் மடக்கையை (லாகரிதத்தை) ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைப்பது என்ட்ரோபி. வியன்னாவில் அவர் கல்லறையின்மேல் செதுக்கியிருப்பதும் இந்தச் சமன்பாட்டைத்தான். கிளாசியஸின் வகுத்தலும் போல்ட்ஸ்மேனின் எண்ணிக்கையும் ஒரே விடையைத் தருகின்றன. "ஒழுங்கின்மை" என்று சொல்லிவிட்டுப் போனால், எது ஒழுங்கு, யார் பார்வையில் ஒழுங்கு என்ற வீண் வாதத்தில் போய் நிற்போம். விதங்களின் எண்ணிக்கை என்று சொன்னால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

எண்ணிப் பார்த்தால் கேள்வி கேட்டவரின் படகுக்கும் விடை கிடைக்கிறது. 28 டிகிரிக் கடல் தற்செயலாக ஒரே ஒரு ஜூல் வெப்பத்தை இழந்து, அது அப்படியே தண்டைச் சுழற்றும் வேலையாக மாற என்ன வாய்ப்பு? 1ஐ 301ஆல் வகுத்து, போல்ட்ஸ்மேன் மாறிலியைக் கொண்டு எண்ணிக்கையாக மாற்றினால், ஒன்றுக்குப் பின் ஏறத்தாழ பத்து லட்சம் கோடி கோடி சுழிகளை இட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. எண்ணின் மதிப்பைச் சொல்லவில்லை, சுழிகளின் எண்ணிக்கையைச் சொல்கிறேன். நிகழவே கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அந்த ஒரு ஜூலுக்காகக் காத்திருக்கும் காலத்துக்குப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

கரைமடி (குளச்சல்):

மூவருக்கும் நன்றி. 1,19,600 என்ற எண்ணைப் பார்த்தபோதுதான் தடை எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. ஆழத்து நீர் குளிர்ந்தது என்கிறீர்கள். அப்படியானால் 7 விழுக்காடாவது கிடைக்குமே, இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்? அடுத்தது, ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் எரிபொருள் எதுவும் இல்லாமல் சுற்றுகின்றன. அவை இந்த விதிக்கு எப்படி உட்படுகின்றன?

ஆழ்கடல் (தூத்தூர்), பதில்:

தம்பி, அந்த 7 விழுக்காட்டைத் துரத்தியவர்கள் பலர். ஜார்ஜ் கிளாட் என்ற பிரெஞ்சுக்காரர் 1930இல் கியூபாவின் மத்தான்சாஸ் விரிகுடாவில் நீண்ட குழாயைக் கடலுக்குள் இறக்கி, மேல் நீருக்கும் கீழ் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைக் கொண்டு 22 கிலோவாட் மின்சாரம் எடுத்துக் காட்டினார். ஆனால் பம்புகளை ஓட்ட அதைவிடக் கூடுதலான மின்சாரம் தேவைப்பட்டது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தூத்துக்குடிக்கு அப்பால் ஒரு மெகாவாட் மிதவை நிலையம் ஒன்றை அமைக்க முயன்றபோது, ஆயிரம் மீட்டர் நீளக் குளிர்நீர்க் குழாயைக் கடலில் இறக்குவதே பெரும்பாடாகி, திட்டம் நிறைவேறவில்லை.

படகுக்கு இது ஏன் ஒத்துவராது என்பதற்குக் கணக்கு நீளமில்லை. 7 என்பது உச்ச வரம்பு; வெப்பமாற்றிகளில் இரு பக்கமும் சில டிகிரிகளை விட்டுக்கொடுத்த பிறகு 3 கிடைத்தாலே நல்லது. 100 கிலோவாட் எஞ்சினுக்கு ஈடாக வேண்டுமானால், மேல் நீரை 3 டிகிரி குளிர்விப்பதாகக் கொண்டாலும், நொடிக்கு 280 கிலோ அளவில் அது உள்ளே ஓட வேண்டும். ஏறக்குறைய அதே அளவு நீர் ஆழத்திலிருந்தும் மேலே வர வேண்டும். ஒரு கிலோமீட்டர் குழாயைக் கட்டி இழுத்துக்கொண்டு எந்தப் படகும் மீன் பிடிக்கப் போகாது. அதிலும் நம் கன்னியாகுமரிக்குத் தெற்கே நீங்கள் போகும் வெட்ஜ் பேங்க் பகுதி ஆழம் குறைந்த மேடு. மீன் அங்கே திரள்வதற்கு அது நல்லது, குளிர்ந்த நீர் தேடுபவனுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த வேறுபாடு உண்மையில் பயன்படும் இடம் லட்சத்தீவு. எங்கள் ஊர்ப் படகுகள் போகும் வழிதான் அது. கவரத்தியில் 2005 முதல் இயங்கும் ஆலையில், வெதுவெதுப்பான மேல் நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்துக்குள் விட்டால் அதில் ஒரு சிறு பகுதி தானே ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்வித்து, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் என்ற திறனில் குடிநீர் எடுக்கிறார்கள். தீவின் சரிவு செங்குத்தாக இருப்பதால் குழாய் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. அந்த வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து அவர்கள் வேலை எதையும் எடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். பம்புகளுக்குத் தனியே மின்சாரம் கொடுக்கிறார்கள். இருபது டிகிரிக்கும் குறைந்த வேறுபாட்டில் வேலையைத் தேடுவதைவிட நல்ல தண்ணீரைத் தேடியது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

வேளிமலை (நாகர்கோவில்), பதில்:

காற்றாலைக்குச் சுருக்கமாக: அதற்கு முன்பே ஒரு பெரிய வெப்ப இயந்திரம் ஓடி முடித்துவிட்டது. வெயிலில் நிலமும் கடலும் வெவ்வேறு அளவில் சூடேறுகின்றன. அந்த வேறுபாட்டில்தான் காற்று நகர்கிறது, தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்குள் நெருக்குண்டு வேகமெடுக்கிறது. ஏறத்தாழ 5,800 கெல்வின் சூரியப் பரப்பிலிருந்து வரும் ஒளியைப் பூமி வாங்கி, அதே அளவு ஆற்றலைச் சராசரியாக 255 கெல்வின் அளவில் வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. எடுக்குமிடமும் உண்டு, கொட்டுமிடமும் உண்டு. எல்லா இடமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் ஆரல்வாய்மொழியில் ஓர் இறக்கைகூட அசையாது.

உங்கள் வீட்டு டீசல் கணக்குக்குத் திரும்பினால், தேட வேண்டிய வெப்பம் கடலில் இல்லை, எஞ்சினிலேயே இருக்கிறது. எரித்த டீசலில் பாதிக்கு மேல் வெப்பமாக வெளியேறுகிறது. ஒரு பகுதி குளிர்நீரில், ஒரு பகுதி புகைக்குழாயில். இரண்டும் ஜூல் அளவில் பெரிய வேறுபாடின்றி இருந்தாலும் மதிப்பில் ஒன்றல்ல. 80 டிகிரிக் குளிர்நீரிலிருந்து, 28 டிகிரிக் கடலை வைத்துக்கொண்டு, அதிகபட்சமாக எடுக்கக்கூடிய வேலை நூற்றுக்கு 15. புகை 400 டிகிரியில் வெளியேறினால் அதன் முதல் ஜூல்களில் நூற்றுக்கு 55 வரை இடமுண்டு. புகை குளிரக் குளிர அந்த விகிதம் இறங்கும். பெரிய கப்பல்களில் புகைக்குழாயின்மேல் கொதிகலன் வைத்து அந்த வெப்பத்தை மீட்பது இதனால்தான். விசைப்படகில் அதற்கு இடமும் எடையும் இடைஞ்சல். ஆனால் புகையின் சூட்டில் இயங்கும் உறிஞ்சுவகைக் குளிரூட்டி ஒன்றை வைத்து மீன் அறையைக் குளிர்விக்க முடியுமா என்பது கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்த கேள்வி. கரையிலிருந்து ஏற்றும் ஐஸின் ஒரு பகுதியாவது மிச்சமாகும். இறுதியாண்டுத் திட்டத்துக்கு அதை எடுத்துக்கொள்வதாக இருந்தால், முதலில் உங்கள் படகின் புகைக்குழாயில் ஒரு வெப்பமானியைப் பொருத்தி, வெறுமனே ஓடும்போதும் மடி வலை இழுக்கும்போதும் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று குறித்து வாருங்கள். அந்த எண்கள் கையில் இருந்தால் மீதியைச் சேர்ந்து கணக்கிடலாம்.